வேப்பமரத்துக்குப் போன தண்ணீர்

தனம், ஏழுமலை, பாலு, உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். தனம் உரக்கப் படிக்கட்டும். தம்பிகள் இரண்டு பேரும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பாலுவுக்குப் புரியாத இடம் வந்தால் நிறுத்திச் சொல்லிக்கொடு. நான் அதிகம் படித்தவன் இல்லை. எழுத்துப் பிழை தென்பட்டால் சிரித்துவிட்டு மேலே போங்கள்.

நேற்றுச் சாயங்காலம் ஏழுமலை பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான். ஜூலை பதினாலாந்தேதி பிரெஞ்சு சர்க்கார் விழாவில் ஓட்டப் பந்தயம் இருக்கிறது, அதற்குப் பழகுகிறான்.

"இன்னாடா ஆச்சு காலுக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லப்பா, தொடை புடிச்சிக்கிச்சு. நாளைக்கு ரெண்டு மடங்கா ஓடுனா தானா வுட்டுடும்னு பசங்க சொல்றாங்க."

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குச் சாப்பிட உட்கார்ந்தான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புத்தான். அந்த ரெண்டு மடங்குப் பேச்சை நம்பித்தான் நான் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். அப்போது தனம் கைக்குழந்தை. மற்ற இரண்டு பேரும் பிறக்கவில்லை. நான் அங்கிருந்து திரும்பாமல் போயிருந்தால் நீங்கள் இரண்டு பேரும் பிறந்தே இருக்க மாட்டீர்கள். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

அந்தக் காலத்திலும் பதினாலாந்தேதி விழா இப்படித்தான் நடக்கும். மேரி என்கிற ஊர் நிர்வாக ஆபீஸ் வாசலில் கொடி ஏற்றுவார்கள், குழல் ஊதுவார்கள், பிறகு விளையாட்டு. அதில் பெரியது கயிறு இழுப்பு. ஏரிக்கு இந்தப் பக்கத்து ஊர்க்காரர் ஒரு தலைப்பில், அந்தப் பக்கத்து ஊர்க்காரர் மறு தலைப்பில். முந்தின வருஷம் நாம் தோற்றுப் போனோம். அக்கரைக்காரர்கள் சந்தையில் பார்க்கும்போதெல்லாம் "கயிறு வாங்க வந்தீங்களாப்பா?" என்று கேட்டு மானத்தை வாங்கினார்கள். உங்கள் கோவிந்தன் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு, அது பொறுக்கவில்லை. கயிற்றுக்கு ஆள் சேர்க்கிறேன் என்று கிளம்பி, முதலில் என் கையைத்தான் பிடித்தார்.

"மாப்ள, நீ ஏர் புடிக்கிற ஆளு. கரும்புக் கட்டைத் தலையில வச்சிக்கினு வரப்புல ஓடுறவன். உன் காலுக்கு முன்னாடி அவனுங்க நிப்பானுங்களா?"

புகழ்ந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? கரடிக்கூடத்துக்குப் போனேன். ஊருக்கு வெளியே, கீற்றுக் கொட்டகை, தரையில் செம்மண் நிரப்பி, கர்லாக்கட்டைகள் சாத்தி வைத்திருக்கும் இடம். ஊர் இளவட்டங்கள் அங்கேதான் தண்டால் எடுப்பார்கள், பஸ்கி போடுவார்கள். பஸ்கி என்றால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருப்பது. பார்க்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது.

கூடத்தில் பெரிய ஆள் முனுசாமி. என் வயதுதான். ஆனால் மீசை முளைத்த நாளிலிருந்து கூடத்துக்கு வருகிறவன். "கயிறு இழுக்கறது கையால இல்லப்பா, தொடையால" என்றான். அது உண்மைதான். பிறகு ஒரு பந்தயம் வைத்தான். எல்லோரும் ஒன்றாகப் பஸ்கி போட வேண்டும், கடைசிவரை நிற்கிறவனுக்கு மற்றவர்கள் பொரிகடலை வாங்கித் தர வேண்டும்.

ஒருவர் ஒருவராக உட்கார்ந்துவிட்டார்கள். கோவிந்தன் மாமா பாதியிலேயே மண்ணில் சாய்ந்துகொண்டு, "எனக்கு முழங்காலு ஒத்துக்காது, நான் எண்றேன்" என்று எண்ண ஆரம்பித்துவிட்டார். முனுசாமியும் நானும் மட்டும் நின்றோம். அவன் காலுக்கு அது பழக்கம். எனக்கு ஏர்ப் பழக்கம் உண்டு, நடவுப் பழக்கம் உண்டு, அத்தனை நேரம் உட்கார்ந்து எழுகிற பழக்கம் ஒரு நாளும் கிடையாது. இது வேறு, அது வேறு என்று அன்று எனக்குத் தெரியவில்லை. கொட்டகைக்குள் புழுக்கம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முனுசாமிக்கு முன்னால் நான்தான் சாய்ந்தேன். ஆனால் கூடத்தில் ஒரு கட்டு உண்டு: தண்ணீர்க் குடம் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. வேர்வை அடங்குமுன் தண்ணீர் குடித்தால் அது மூட்டில் இறங்கிக் கட்டிக்கொள்ளும், ஆளை முடக்கிவிடும் என்பார்கள். அதனால் தாகத்தோடு வீட்டுக்கு வந்து, குளித்து, அப்படியே படுத்துவிட்டேன்.

மறுநாள் எழுந்தால் தொடை இரண்டும் மரக்கட்டை. உட்கார முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. உங்கள் அம்மா சிரித்தாள்.

"பொரிகடலை ஜெயிச்ச ராசா, எழுந்து மாட்டப் புடிச்சிக் கட்டு மாமா."

சாயங்காலம் கூடத்தில் என்னைக் குப்புறப் போட்டு, எண்ணெய் தடவி, இரண்டு பேர் தொடைமேல் ஏறி மிதித்தார்கள். நோவை மிதித்து எடுப்பது என்று அதற்குப் பெயர். மிதித்து முடித்ததும், "இப்ப நேத்து போட்டதுல ரெண்டு மடங்கு போடு, நோவு ஓடிடும்" என்றார்கள். ரெண்டு மடங்கு முடியவில்லை. முடிந்தவரை போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன்.

அதற்கடுத்த நாள் காலை கரும்புக் கொல்லை ஓரம் ஒதுங்கியபோதுதான் பார்த்தேன். சிறுநீர் வெல்லப் பாகு மாதிரி கறுத்து இறங்கியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் தொடை இரண்டும் வாழைத் தண்டு போல வீங்கிவிட்டன. வாந்தி வந்தது. அப்போதுதான் அம்மாவிடம் சொன்னேன்.

ஊரில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "காலுல தண்ணி எறங்கியிருக்குது. தண்ணியக் கொறச்சாத்தான் வடியும்." உங்கள் அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வறுத்த பொரியும் காய்ந்த அடையும்தான் சாப்பாடு. தண்ணீர் கேட்டால் பஞ்சை நனைத்து உதட்டில் தடவுவாள். கண்ணீர் விட்டுக்கொண்டுதான் தடவினாள். பிள்ளைகளே, அவள் எனக்குக் கெடுதல் செய்யவில்லை. ஊரில் எந்தப் பெண்டாட்டியும் அதைத்தான் செய்திருப்பாள். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. எனக்கும் அதே நம்பிக்கைதான்.

வீக்கம் வடியாமல் வாந்தி கூடிக்கொண்டே போனதால் கோவிந்தன் மாமா வண்டி கட்டினார். நம் பாகூரிலிருந்து புதுச்சேரிக்குப் போக வேண்டுமானால் நடுவில் இங்கிலீஷ்காரன் எல்லையைத் தாண்ட வேண்டும், உங்களுக்குத் தெரியும். சுங்கச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். சேவகன் ஒருவன் வைக்கோலைக் கிளறிப் பார்த்தான். பிறகு போர்வைக்கு மேல் என் தொடையைத் தட்டினான்.

"இன்னாய்யா இது, காலுல துணி சுத்தி சாராயம் எடுத்துக்கினு போறியா?"

நான் அலறிய அலறலில் அவனே போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டான். முகம் மாறிப் போயிற்று. "போ, போ, வேகமா ஓட்டு" என்று சாவடிக் குறுக்குக் கட்டையைத் தூக்கிவிட்டான். ரொம்ப நாள் கழித்து அதை நினைத்துச் சிரித்தோம். அன்று யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நீளமான தாழ்வாரம் இருந்தது. சுவரோரம் பெஞ்சு போட்டு எங்களைப் போல நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பினாயில் வாடை. கிராமத்து ஆட்களுக்கு அந்த வாடையே பாதி பயம். தனத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். "செலவு எம்மாம் ஆவுமோ" என்று ஒரு தடவை அண்ணன் காதில் கேட்டாள். ஏழைகளுக்கு சர்க்கார் வைத்தியம் இனாம் என்று பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருத்தி சொன்னபிறகுதான் முதுகைச் சுவரில் சாய்த்தாள்.

என்னைப் பார்த்த டாக்டர் தமிழர்தான். கண்ணாடி போட்டவர், மெதுவாகப் பேசுகிறவர். தொடையை அமுக்கிப் பார்த்தார். கண்ணாடிப் புட்டி ஒன்றைக் கொடுத்து அதில் சிறுநீர் பிடித்துத் தரச் சொன்னார். கொஞ்சம்தான் வந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். காகிதத் துண்டு ஒன்றை அதில் தோய்த்து நிறம் பார்த்தார். கை நரம்பில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். பிறகு கேட்டார்:

"கீழே விழுந்தீரா? பாம்பு ஏதாவது கடித்ததா?"

"இல்லீங்க சாமி. பஸ்கி போட்டேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எத்தனை என்று கேட்கவில்லை. "முன்னே பழக்கம் உண்டா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

நம் சதைக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிற சாயம் ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறதாம். பழக்கமில்லாத சதையை அளவுக்கு மீறி வேலை வாங்கினால் அது உள்ளுக்குள் நைந்து போகிறது. கொஞ்சம் நைந்தால் இரண்டு மூன்று நாள் நோவு, பிறகு தானே ஆறும், ஆறியபின் முன்னைவிட உறுதியாகும். ரொம்ப நைந்துவிட்டால் அந்தச் சாயம் கசிந்து ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தைச் சுத்தம் செய்வது குண்டிக்காய். ஆட்டுக்கறி வெட்டும்போது அவரை விதை போல இரண்டு வருமே, அது நமக்கும் முதுகுப் பக்கம் இருக்கிறது. சாயம் அங்கே போய்ப் படிந்து அடைத்துக்கொள்கிறது. அடைத்துவிட்டால் சிறுநீர் நின்றுவிடும். சிறுநீர் நின்றால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

"அதனால் உமக்கு மருந்து ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு சோடா உப்புத் தண்ணி. இன்னொண்ணு வெறும் தண்ணி. குடிச்சுக்கிட்டே இருக்கணும். இந்தப் புட்டி நிறையணும், நிறம் வெளுக்கணும். அது நடந்தா ஊருக்குப் போலாம்" என்றார்.

என் உயிர் அந்தப் புட்டியில் இருந்தது. அது நிறைகிறதா, வெளுக்கிறதா, அவ்வளவுதான்.

படுக்கை ஜன்னல் ஓரமாகக் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். குழந்தையை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் அம்மா தனத்தோடு பகலெல்லாம் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். கம்பி வழியாக நாங்கள் பேசிக்கொள்வோம். கோவிந்தன் மாமா எனக்குத் துணையாக உள்ளே இருந்தார். பக்கத்துக் கட்டிலில் சவரிமுத்து என்று ஒரு பென்ஷன்காரர். பிரான்சு தேசத்து யுத்தத்துக்குப் போய் வந்த சொல்தா, அதாவது சிப்பாய். இருமலுக்காகப் படுத்திருந்தார். இருமாத நேரமெல்லாம் பேசிக்கொண்டிருப்பார். என் கதையைக் கேட்டுவிட்டு, "நான் பீரங்கிக்கு நடுவுல பூந்து வந்தவன்யா. உன்ன மாதிரி ஒக்காந்து எழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த வீரனை நான் பாத்ததே இல்ல" என்றார். இருந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

காலையில் கன்னியாஸ்திரி அம்மா ஒருத்தி வருவாள். வெள்ளை முக்காடு, கொச்சைத் தமிழ். சோடா உப்புத் தண்ணீரைத் தானே நின்று குடிக்க வைப்பாள். ஆப்பத்துக்குப் போடுகிற உப்பின் ருசி, குமட்டும். பிறகு கொதிக்க வைத்து ஆற்றின தண்ணீர் ஒரு பெரிய சாடி நிறைய வைத்து, "எல்லாம் குடி. மத்தியானம் வந்து பார்க்கும். காலியாக இருக்க வேண்டும்" என்று விரலை ஆட்டிவிட்டுப் போவாள்.

அவள் தலை மறைந்ததும் அம்மா ஜன்னலுக்கு வருவாள்.

"அண்ணா, அவ்வளவு தண்ணியும் குடிச்சா இந்தக் காலு இன்னா ஆவுறது? ஏற்கெனவே பீப்பா மாதிரி இருக்குது. இவங்களுக்கு வெள்ளக்கார வைத்தியந்தான் தெரியும். நம்ம ஒடம்பு நமக்குத் தெரியாதா?"

கோவிந்தன் மாமா சாடியைத் தூக்கிக் கம்பி வழியாகச் சரிப்பார். அம்மா கீழே செம்பில் பிடித்துக்கொள்வாள். கொஞ்சம் வேப்பமரத்துக்குப் போகும். கொஞ்சத்தில் தனம் குளிப்பாள். ஆமாம் தனம், உன் அப்பனுக்கு வைத்த மருந்தில் நீ குளித்தாய். நான் வாயை நனைத்துக்கொள்வதோடு சரி. வாந்தி பயத்தில் எனக்கும் அது நல்லதாகவே பட்டது.

மத்தியானம் கன்னியாஸ்திரி அம்மா காலிச் சாடியைக் கவிழ்த்துப் பார்த்து, "பியேன், பியேன்" என்பாள். நல்லது என்று அர்த்தம். மறு சாடி வைப்பாள். சவரிமுத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். குடும்ப விவகாரம் என்று வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை, "இந்த வருசம் அந்த மரம் நல்லாக் காய்க்கும்" என்றார். கோவிந்தன் மாமா காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

புட்டி நிறையவில்லை. ஒவ்வொரு காலையும் டாக்டர் அதை ஜன்னல் கட்டையில் முந்தின நாள் புட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அடியில் கொஞ்சம், அதே கறுப்பு. எனக்கு இரவில் தூக்கம் வராது. முகம் உப்பியது. எங்கேயோ தூரத்தில் தேவாலயத்து மணி அடிக்கும், கடல் சத்தம் போல ஏதோ கேட்கும். வெல்லம் காய்ச்சுகிற கொப்பரை கண்ணுக்குள் வரும். ஆலையடியில் நெருப்பை யார் பார்ப்பார்கள், தனத்தை யார் கட்டிக்கொடுப்பார்கள் என்று நினைப்பு ஓடும். சாவு என்ற சொல்லை நான் நினைக்கவில்லை. அதைச் சுற்றிச் சுற்றித்தான் நினைத்தேன்.

இடையில் ஒரு நாள் முனுசாமி வந்தான். அவ்வளவு தூரம் நடந்தே வந்திருந்தான். மடியிலிருந்து பொரிகடலைப் பொட்டலத்தை எடுத்து என் தலைமாட்டில் வைத்தான்.

"நாந்தான் மொதல்ல நிறுத்துனேன். நீ கவனிக்கல. நீதான் ஜெயிச்ச."

அது பொய் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். கூடத்தில் தண்ணீர் குடிக்காததும் ஒரு காரணமாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததை, முழு நம்பிக்கை இல்லாமலே அவனிடம் சொன்னேன். "கூடத்துக்குள்ள தண்ணி வராதுப்பா. அது நம்ம அப்பன் காலத்துக் கட்டு" என்றான். சண்டைக்காகச் சொல்லவில்லை. கிழக்கில் சூரியன் உதிக்கிறது என்பதைச் சொல்வது போலச் சொன்னான்.

அதற்கு மறுநாள்தான் அது நடந்தது. டாக்டர் வந்தார், புட்டியைப் பார்த்தார், காலிச் சாடியைப் பார்த்தார். பெரிய டாக்டரான துரையை அழைத்து வந்தார். இரண்டு பேரும் பிரெஞ்சில் பேசிக்கொண்டார்கள். துரை என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். நம் டாக்டர் கோவிந்தன் மாமாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்கும் கேட்டது.

"இவ்வளவு தண்ணி உள்ளே போகுது, வெளியே வரலை. குண்டிக்காய் ரெண்டும் அடைச்சிடுச்சுன்னுதான் அர்த்தம். இனிமே தண்ணி குடுத்தா நெஞ்சுக்குள்ள ஏறி மூச்சு முட்டும். இன்னையிலிருந்து தண்ணியை நிறுத்துறோம். வீட்டாருக்குச் சொல்லி வைங்க."

கோவிந்தன் மாமாவுக்குக் கடைசி வார்த்தை புரியவில்லை. தண்ணீரை நிறுத்துகிறோம் என்றது மட்டும்தான் காதில் ஏறியது. ஜன்னலுக்கு ஓடி அம்மாவைக் கூப்பிட்டார். "அஞ்சல! பாத்தியா, நாம சொன்னதத்தான் டாக்டரும் சொல்றாரு! தண்ணியே ஆவாதாம்!" அம்மா மரத்தடியில் நின்று கை எடுத்துக் கும்பிட்டாள்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போகத் திரும்பினார். அப்போதுதான் சவரிமுத்து எழுந்து உட்கார்ந்தார்.

"டாக்டர் ஐயா, ஒரு நிமிசம். அந்தாளு குடிக்கவே இல்லீங்க."

"என்னது?"

"சாடி வந்த நாளா பாத்துக்கினுதான் இருக்கேன். ஒரு வாயி அவரு, மிச்சம் வேப்பமரம். மரத்துக்கு ஒண்ணும் அடைப்பு இல்லீங்க, நல்லா இழுக்குது."

டாக்டர் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். மரத்தடி மண் ஈரமாக இருந்தது. கீழே அம்மா செம்போடு நின்றாள். அவர் கத்தப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கத்தவில்லை. என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவரே எனக்குத் தண்ணீரை நிறுத்தியிருப்பார்.

பிறகு குழந்தையோடு அம்மாவை உள்ளே அழைத்து வரச் சொன்னார். என்னிடம் சொன்ன எல்லாவற்றையும் அவளிடம் மறுபடியும் சொன்னார். வீக்கம் தண்ணீரால் வந்ததில்லை, நைந்த சதையால் வந்தது. சாயம் படிந்து அடைக்கப் பார்க்கிறது. தண்ணீர் போனால்தான் அது கரைந்து இறங்கும்.

அம்மா கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில் டாக்டரைப் பார்க்காமல் என் காலைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏரி மதகுல சேறு அடைச்சிக்கினா நாம இன்னா பண்ணுவோம்? தண்ணிய நிறுத்துனா சேறு இறுகித்தான் போவும். பலகையத் தூக்கித் தெறந்து வுட்டாத்தான அடிச்சிக்கினு போவும்? இத மொதல்லயே இப்படிச் சொல்லக்கூடாதாங்க சாமி?"

"இப்படிச் சொல்ல எனக்குத் தெரியலையேம்மா" என்றார் டாக்டர்.

தனத்தை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, அவளே சாடியிலிருந்து ஊற்றினாள். முதல் லோட்டாவை நான் குடித்து முடிக்கும்வரை லோட்டாவிலிருந்து கையை எடுக்கவில்லை. அன்று முதல் எனக்கு ஓய்வே இல்லை. கன்னியாஸ்திரி அம்மாவாவது சிரிப்பாள், இவள் சிரிக்கவும் இல்லை. "குடி மாமா. இன்னும் ஒரு வாயி. குடிச்சிட்டு வாந்தி எடு, பரவால்ல, மறுபடி குடி." கோவிந்தன் மாமா ஜன்னல் பக்கமே போகவில்லை. சவரிமுத்து மட்டும், "பாவம் மரம்" என்றார்.

ஒரு பகலும் ஒரு இரவும் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த விடியலில் புட்டி பாதிக்கு வந்தது. கறுப்புத்தான், ஆனால் பாதிக்கு வந்தது. அதைப் பார்த்ததும் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு காப்பி நிறம், அதற்குப் பிறகு தேநீர் நிறம். ஜன்னல் கட்டையில் புட்டிகள் வரிசையாக வெளுத்துக்கொண்டே வந்தன. வைக்கோல் நிறம் வந்த காலையில் டாக்டர் அதைச் சவரிமுத்துவிடம் காட்டினார். அவர் கட்டிலில் இருந்தபடியே நெற்றியில் கை வைத்து ராணுவ சலாம் போட்டார்.

கால் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. முதலில் கட்டிலை விட்டு இறங்கி நிற்க மட்டும் விட்டார்கள். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு அடி. பிறகு தாழ்வாரம். வெந்நீரில் துணியைப் பிழிந்து தொடைமேல் போடுவார்கள். மேல்நோக்கி லேசாகத் தடவுவார்கள், அவ்வளவுதான், அமுக்கவே மாட்டார்கள். மிதித்ததைப் பற்றிச் சொன்னபோது கன்னியாஸ்திரி அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

புறப்படுகிற அன்று டாக்டரிடம், "சாமி, இனிமே ஒடம்பை வளைக்கவே கூடாதுங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "தேகப்பயிற்சி நல்லதுய்யா. நீர் அதுக்கு அவசரப்பட்டீர்" என்றார். அவர் சொன்னதைத்தான் ஏழுமலைக்குச் சொல்ல வந்தேன். கேள் அப்பா.

புதிதாக எதைச் செய்தாலும் முதல் நாள் கொஞ்சம் செய். இன்னும் முடியும் என்று தோன்றும்போதே நிறுத்து. ஓடுவதற்கு முன் கொஞ்ச நேரம் நட, கை காலை மெதுவாக ஆட்டிச் சூடேற்று. மறுநாள் சதை நோகும், அதற்குப் பயப்படாதே. படுத்தே கிடக்காதே. மெதுவாக நட, வெந்நீர் ஊற்று, நோவு குறைந்தபிறகு மறுபடி ஓடு, அதுவும் சிறிது சிறிதாகக் கூட்டு. நோவின்மேல் ரெண்டு மடங்கு ஏற்றாதே. சதை நோவு வேறு, மூட்டு நோவு வேறு. முழங்காலுக்கு உள்ளே குத்தினாலோ, மூட்டு வீங்கிச் சுட்டாலோ, அது வேண்டாம் என்று உடம்பு சொல்வது. அன்றைக்கு ஓட்டம் இல்லை. வெயிலில் வேர்த்தால் தண்ணீர் குடி. உப்புப் போட்ட நீராகாரம் இன்னும் நல்லது. தொடை வீங்கினாலோ, சிறுநீர் கறுத்தாலோ, எனக்கு ஒளிக்காதே. அந்த நிமிஷமே வண்டி கட்டுவேன். திட்ட மாட்டேன்.

நான் ஊருக்கு வந்தபோது பதினாலாந்தேதி விழா முடிந்துவிட்டிருந்தது. கயிறு இழுப்பில் நம்மூர்தான் ஜெயித்தது. நான் இல்லாமலே ஜெயித்தார்கள். "நீ இருந்திருந்தா தோத்திருப்போம் மாப்ள" என்றார் கோவிந்தன் மாமா. நானும் சிரித்தேன்.

இன்னொன்று நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்கள் அம்மாவிடம்கூட. கால் நன்றாக ஊன்ற ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் விடியற்காலை, கூடத்துக்கு ஆட்கள் வருமுன் நான் மட்டும் அங்கே போனேன். வழியில் கிணற்றில் ஒரு புதுக் குடம் நிறையத் தண்ணீர் இறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன், கையில் ஒரு லோட்டா. நோய் கண்டபிறகு நான் தூக்கிய முதல் சுமை அதுதான். வாசற்படியில் சற்று நின்றேன். பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்தேன். கர்லாக்கட்டைகளுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், மண்ணைக் குழித்துக் குடத்தை அசையாமல் வைத்தேன். நடுக்கூடத்துக்கு வந்து, கையை நீட்டி, ஒரே ஒரு பஸ்கி போட்டேன். எழுந்து நின்று, லோட்டாவில் மொண்டு நிறையக் குடித்தேன். லோட்டாவைக் குடத்தின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தேன்.